பின்வரிசையில் நிற்பவர்கள் யாருடைய பங்கு மக்கள்?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்து நம் கோயில்களில் திருப்பலி காணும் கத்தோலிக்கர்களைப் பற்றியவை அவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஞாயிறு மாலைப் பூசைக்கு பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடமாநிலப் பிள்ளைகள் நாற்பது பேர் வரை வருகிறார்கள். பின்னால் நின்றுவிட்டு, பூசை முடிந்ததும் போய்விடுகிறார்கள். இவர்களைப் பங்கில் (கோயிலைச் சேர்ந்த மக்களின் சமூகத்தில்) சேர்க்கலாமா என்று பேரவையில் கேட்டேன். "நாளைக்கே ஊருக்குப் போய்விடுவார்கள், வரியும் கட்ட மாட்டார்கள், அட்டை எதற்கு?" என்றார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
— பங்குப்பேரவைச் செயலர், திருப்பூர்

பதில்: திருச்சபைச் சட்டப்படி அவர்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ 5 ஆண்டுகள் தங்கி முடித்தாலோ அது நிலையான வசிப்பிடம். மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, எண்ணமே இல்லாமல் மூன்று மாதம் ஓடிப்போனாலோ அது தற்காலிக வசிப்பிடம் (திருச்சபைச் சட்டம் எண் 102). இரண்டில் எது இருந்தாலும் அந்த இடத்துப் பங்குத்தந்தை அவருக்கும் பங்குத்தந்தைதான் (எண் 107). சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்றால் அந்த ஊர்ப் பங்கும் அவருடையதே. ஒருவருக்கு இரண்டு பங்குகள் இருப்பதில் சட்டத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வரி கட்டுகிறவர்தான் பங்கு உறுப்பினர் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது நம் பேரவைகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட சட்டம்.

நடைமுறைக்கு வருவோம். பங்கின் குடும்ப அட்டை இவர்களுக்குப் பொருந்தாது. குடும்பத் தலைவர், கதவிலக்கம் என்று கேட்கும் அட்டையில் ஒரு அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவரை எங்கே எழுதுவது? தனி நோட்டு ஒன்று போட்டு, ஆளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பெயர், சொந்தக் கிராமம், அங்குள்ள பங்கும் மறைமாவட்டமும், கைபேசி எண், தங்குமிடம், கம்பெனி, திருமுழுக்கு–முதல் நற்கருணை–உறுதிபூசுதல் பெற்றவரா, மணமானவரா, வாசிக்கத் தெரிந்த மொழி, ஆபத்து நேரத்தில் ஊரில் கூப்பிட வேண்டிய எண். இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஆதார் நகல் கேட்காதீர்கள். அதை ஏற்கெனவே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், கோயிலிலும் கேட்டால் மறுவாரம் வர மாட்டார்கள்.

அதிகம் தவறு நடப்பது பெயரில்தான். நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு "ஜே. சுஷ்மா" என்று எழுதிவிடுகிறோம். நாளைக்குத் திருமணத்துக்கு ஊரிலிருந்து திருமுழுக்குச் சான்று வரும்போது அதில் "சுஷ்மா டோப்போ" என்று இருக்கும். இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க மூன்று கடிதம் எழுத வேண்டிவரும். டோப்போ, எக்கா, லக்ரா, மிஞ்ச் என்பவை குலப்பெயர்கள். பத்து டோப்போக்கள் வந்தால் அது ஒரே குடும்பம் அல்ல. அவர் கையில் இருக்கும் தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முதலெழுத்துச் சேர்க்காமல் எழுதுங்கள்.

நோட்டை எழுதுபவர் அவர்களில் ஒருவராக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். தீபாவளி, கிறிஸ்மஸ் விடுப்புகளுக்குப் பிறகு பாதிப் பெயர்கள் மாறியிருக்கும். பெயர்கள் மாறுகின்றன என்பதற்காக நோட்டை மூடிவிட வேண்டியதில்லை.

கேள்வி: மாதம் ஒரு இந்திப் பூசை வைக்கலாம் என்று பங்குத்தந்தை சொன்னதும் "கோயிலுக்குள்ளேயும் இந்தித் திணிப்பா?" என்று சிலர் கொதித்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? வைப்பதானால் எப்படி வைப்பது?
— பாடகர் குழுத் தலைவர், கோயம்புத்தூர்

பதில்: அரசு ஒரு மொழியை நம்மேல் ஏற்றுவது திணிப்பு. ஒருவர் தமக்குப் புரியும் மொழியில் செபிப்பது திணிப்பு ஆகாது. கொதித்தவர்களின் மொழிப்பற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தப் பற்று உள்ளவருக்குத்தான் அடுத்தவர் தாய்மொழியின் அருமையும் தெரிய வேண்டும். இன்னொன்றும் சொல்லுங்கள்: வந்திருக்கும் பலருக்கு இந்தி தாய்மொழியே அல்ல. குடுக், முண்டாரி, கடியா வீட்டில் பேசுவது. சாத்ரி சந்தையில் பேசுவது. இந்தி பள்ளியிலும் கோயிலிலும் கற்றது. இதில் ஓராவோன் மக்கள் பேசும் குடுக் நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடிசாவிலிருந்து வந்தவர்களில் பலர் ஒடியாவில்தான் வாசிப்பார்கள். ஆகவே அறிவிப்புக்கு முன் மேற்சொன்ன நோட்டில் "வாசிக்கத் தெரிந்த மொழி" என்ற கட்டத்தைப் பாருங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட வழிபாட்டு நூல் உள்ள மொழி எதிலும் திருப்பலி நிறைவேற்றலாம் (எண் 928). இந்தித் திருப்பலி நூலும் வாசக நூலும் இருக்கின்றன. குருவுக்கு எங்கே போவது என்றால், வடக்கே மறைப்பணி செய்துவிட்டுத் திரும்பிய தமிழ்க் குருக்களும், இங்குள்ள துறவற இல்லங்களில் தங்கிப் படிக்கும் ஜார்க்கண்ட் குருக்களும் உங்கள் மறைமாவட்டத்தில் இருக்கக்கூடும். ஆயர் இல்லத்தில் கேளுங்கள். வெளியிலிருந்து வருபவர் முகம் தெரியாதவர் என்றால் அவருடைய குருத்துவச் சான்றுக் கடிதத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல, விதி (எண் 903).

நேரம் முக்கியம். திருப்பூர் பக்கத்தில் சனிக்கிழமை சம்பள நாள், வேலை முடியவே இரவாகிவிடும். ஞாயிறு காலை துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, சமைத்து முடிக்க மதியமாகிவிடும். காலை 6 மணிக்கு இந்திப் பூசை வைத்துவிட்டு "யாருமே வரவில்லை, இவர்களுக்கு ஆர்வமில்லை" என்று கணக்கை மூடிய பங்குகள் உண்டு. மாலை 4 அல்லது 5 மணி வையுங்கள். மாதத்தில் எந்த ஞாயிறு என்பதையும் மாற்றாதீர்கள். முதல் ஞாயிறு என்றால் எப்போதும் முதல் ஞாயிறு. அறிவிப்புப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள அவர்களால் முடியாது. வாய்வழிச் செய்திக்கு நிலையான நாள் வேண்டும்.

ஆனால் தனிப்பூசையோடு நின்றுவிட்டால் ஒரே கூரைக்குள் இரண்டு பங்குகள் உருவாகிவிடும். மற்ற ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்குள்ளேயே இடம் கொடுங்கள். நற்கருணை மன்றாட்டை ஒரே மொழியில் வைத்துக்கொண்டு, ஒரு வாசகத்தை இந்தியில் வாசிக்கலாம். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர்களே சொல்லலாம். நற்கருணைப் பாடல்களில் ஒன்று சாத்ரியில் இருக்கலாம். கீரியே எலேயிசோன், அல்லேலூயா, ஆமென் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே ஒன்றாகப் பாடுங்கள். வெவ்வேறு நாட்டு மக்கள் கூடும்போது சில பகுதிகளை இலத்தீனில் சேர்ந்து பாடத் தெரிந்திருப்பது நல்லது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் (எண் 41) இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறது.

மறையுரையை மட்டும் அவர்களில் ஒரு பொதுநிலையினரிடம் கொடுக்க முடியாது. அது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது (எண் 767). நன்றி மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசிக்கு முன் அறிவிப்பு நேரத்தில், மறையுரையின் சாரத்தை அவர்களில் ஒருவர் மூன்று நிமிடத்தில் இந்தியில் சொல்லட்டும். முதல் நாளே குரு நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

வாசலில் நிற்கும் வரவேற்புக் குழுவுக்கு ஒரே ஒரு பயிற்சி: "ஜெய் யேசு". சோட்டா நாக்பூர் (ஜார்க்கண்டும் அதையொட்டிய பகுதிகளும்) கத்தோலிக்கர் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் வணக்கம் அது. இதைச் சொல்லி, கைகாட்டி முன்வரிசையில் உட்காரச் சொன்னால் பின்னால் நிற்பது குறையும். "ஹிந்திக்காரப் பசங்க", "வடக்கன்" என்ற பேச்சைப் பங்கு வளாகத்தில் யார் பேசினாலும் பேரவைத் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சொல்லுக்கு அர்த்தம் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: எனக்கு இந்தி தெரியாது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறார்கள். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்துக் கேட்கலாமா?
— ஒரு பங்குத்தந்தை, ஈரோடு மாவட்டம்

பதில்: வேண்டாம், தந்தையே. பேசுவது கைபேசியோடு நிற்பதில்லை, வேறெங்கோ உள்ள கணினிக்குப் போய் வருகிறது. ஒப்புரவின் இரகசியத்துக்கு அது ஒத்துவராது. மனிதர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது (எண் 990); அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் (எண் 983). இதை அவருக்கு முன்கூட்டியே விளக்குங்கள். யாரை வைப்பது என்பதைப் பாவசங்கீர்த்தனம் செய்பவரே தேர்ந்தெடுக்கட்டும்; அதே அறையில் தங்குபவரோ மேஸ்திரியோ வேண்டாம். அனுமதி என்றால் கட்டாயம் அல்ல, யாரையும் அதற்கு வற்புறுத்தவும் கூடாது. இதைவிட நல்ல வழி, தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் இந்தி தெரிந்த குரு ஒருவரை ஒரு மாலை முழுக்க உட்காரவைப்பது.

கேள்வி: ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்கிறார்கள். விசாரித்தால் கோயிலில் திருமணமே நடக்கவில்லை. ஊரில் பலர் இப்படித்தான் என்கிறார்கள். திருப்பி அனுப்புவதா?
— உபதேசியார், ஓசூர்

பதில்: அனுப்பாதீர்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். கல்யாணம் என்றால் ஊருக்கே விருந்து வைக்க வேண்டும். அதற்குப் பணம் சேரும்வரை சேர்ந்து வாழத் தொடங்கிவிடுவது அந்தப் பக்கத்தில் உள்ள வழக்கம். "துகு" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் பெண்ணுக்குத் தலைகுனிவு. நீங்கள் அதைச் சொல்லாதீர்கள்.

குழந்தை வேறு, திருமணம் வேறு. குழந்தையின் திருமுழுக்குக்குப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற நியாயமான எதிர்நோக்கு இருக்க வேண்டும் (எண் 868). இரண்டும் இருந்தால் பெற்றோரின் திருமணக் குறை தடையல்ல. ஞானப்பெற்றோராக ஒருவர் போதும்; 16 வயது நிறைந்த, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். இங்கே உறவினர் இல்லை என்று கையைப் பிசைவார்கள். உள்ளூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று ஞானப்பெற்றோராக நின்றால் அந்த உறவு பிறகு மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) சொல்லிப் பாருங்கள், முன்வருவார்கள்.

அடுத்து திருமணம். இருவருமே கத்தோலிக்கர் என்றால் சிக்கல் குறைவு. இருவரில் ஒருவர் உங்கள் பங்கில் ஒரு மாதம் தங்கியிருந்தாலே அங்கே திருமணம் நடத்தலாம் (எண் 1115). தேவையானவை: இருவரின் ஊர்ப் பங்கிலிருந்தும் புதிதாக எடுத்த, பொதுவாக 6 மாதத்துக்குள் தரப்பட்ட திருமுழுக்குச் சான்று, வேறு திருமணம் இல்லை என்பதற்கான கடிதம், ஓலை வாசிப்பு (திருமணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்தல்). பழைய சான்றின் நகல் போதாது, ஏனென்றால் ஒருவர் திருமணம் முடித்தால் அது திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக்குறிப்பில்தான் ஏறும். பழைய தாளில் அது தெரியாது. கும்லா, சிம்டேகா, ஜஷ்பூர், ரூர்கேலா போன்ற மறைமாவட்டங்களின் பங்குகளுக்கு அஞ்சலில் மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். உங்கள் பங்குத்தந்தை முத்திரையோடு கடிதம் எழுதி, அதைப் படமெடுத்து அந்தப் பங்குத்தந்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அசலை அஞ்சலில் போடட்டும். பழைய பங்கு பிரிந்து புதுப் பங்கு உருவாகியிருந்தால் பதிவேடு தாய்ப் பங்கிலேயே இருக்கும். "இங்கே பெயர் இல்லை" என்று பதில் வந்தால் அங்கே கேளுங்கள்.

பதிவேடே கிடைக்கவில்லை என்றால், யாருக்கும் பாதகம் இல்லாதபோது நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் (எண் 876). திருமணம் முடிந்ததும் இரு ஊர்களுக்கும் தகவல் அனுப்ப மறக்காதீர்கள். அதிகம் மறந்துபோகும் வேலை இதுதான்.

ஒருவர் புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் சபையினர் என்றால் (சோட்டா நாக்பூரில் 1845 முதலே லூத்தரன் திருச்சபை உண்டு) அவருடைய திருமுழுக்கு செல்லும். ஆயரின் அனுமதி வேண்டும். சர்னா என்ற பழங்குடிச் சமய வழிபாட்டினர் போலத் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் அனுமதி போதாது, விலக்கே (சட்டத் தடையை நீக்கும் ஆணை) வாங்க வேண்டும். வித்தியாசம் பெரியது: விலக்கு இல்லாமல் நடத்தினால் திருமணமே செல்லாது.

விருந்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். பங்கு மண்டபம், ஐம்பது பேருக்குச் சோறு, கறி. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை தாங்கக்கூடிய செலவுதான். விருந்து இல்லை என்பதால்தான் முதலில் திருமணமே நின்றது.

கேள்வி: நூற்பாலை விடுதியில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே விடுவதில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு அருட்சகோதரி, திண்டுக்கல்

பதில்: எடுத்த எடுப்பில் உரிமை, சட்டம் என்று வாசலில் பேசினால் கதவு மூடும், பிள்ளைகளுக்குத்தான் நெருக்கடி. பங்குக் கடிதத்தாளில் மேலாளர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள். எத்தனை மணிக்கு அழைத்துப்போவோம், எத்தனை மணிக்குத் திரும்பவிடுவோம், உடன் வரும் இரண்டு பெண்கள் யார், எந்த வண்டி ஆகியவை அதில் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாதீர்கள். முதல் இரண்டு மாதம் அப்படி நடந்தால் மூன்றாவது மாதம் பேச்சே வராது.

அதற்கும் மறுத்தால் விடுதியிலேயே திருப்பலி கேளுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தை விசாரித்து, இரவு ஷிப்டு முடித்தவர் தூங்கும் வேளையைத் தவிர்த்து, 45 நிமிடத்தில் முடியுங்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் (எண் 1248). வேலையால் வரவே முடியாதவருக்குப் பாவம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பலர் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டே இருக்கிறார்கள்.

படம் எடுக்காதீர்கள், நாளிதழுக்கும் முகநூலுக்கும் வேண்டவே வேண்டாம். சம்பளம், அடி, திட்டு பற்றி யாராவது சொன்னால் வார்டன் முன் கேட்காதீர்கள், உடனே மேலாளரிடம் போகாதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. வயது வந்த பெண்களுக்கு மகளிர் உதவி எண் 181. யார் சொன்னது என்பது வெளியே தெரியக் கூடாது.

கேள்வி: கேரளக் குடும்பங்கள் எங்கள் இலத்தீன் பங்குக்கு வருகிறார்கள், ஆனால் குழந்தைத் திருமுழுக்குக்கு மட்டும் வேறிடம் போகிறார்கள். ஏன் இந்தப் பாகுபாடு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர்கள் சீரோ மலபார் திருச்சபையினராக (கேரளத்தில் தோன்றிய, தனி வழிபாட்டு முறையுள்ள கத்தோலிக்கத் திருச்சபை) இருக்கலாம். கோவையிலேயே இராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2010 முதல் அவர்களுக்குத் தனி மறைமாவட்டம் இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் உங்கள் பங்கில் நற்கருணை வாங்கினாலும் அவர்கள் இலத்தீன் திருச்சபைக்கு மாறிவிடுவதில்லை (எண் 112). உங்கள் பங்கில் திருமுழுக்கு நடப்பதானால் அவர்களுடைய பங்குத்தந்தையின் சம்மதக் கடிதம் வாங்கி, பதிவேட்டில் எந்தத் திருச்சபை என்பதையும் எழுத வேண்டும். இப்படி எழுதுவது 2016 முதல் கட்டாயம். திருமணத்துக்கு இலத்தீன் திருத்தொண்டர் முன்நிற்க முடியாது, குருதான் வேண்டும்.

கேள்வி: திருவிழாவில் வடமாநில இளைஞர்களை மேடையேற்றி அவர்கள் நடனத்தை ஆடச் சொல்லலாம் என்றிருக்கிறோம். நல்ல யோசனைதானே?
— இளையோர் இயக்கப் பொறுப்பாளர், செங்கல்பட்டு

பதில்: பாதி நல்லது. இரண்டு உரைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் ஆடவிட்டு, பொன்னாடை போர்த்தி இறக்கிவிடுவதுதான் உங்கள் திட்டம் என்றால் வேண்டாம். நவநாளில் ஒரு நாள் உபயத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அன்றைய வாசகம், பாடல், மன்றாட்டு, காணிக்கை பவனி எல்லாம் அவர்களுடையது. உபயக் காணிக்கையாக உங்கள் ஊர் வழக்கத் தொகையைச் சொல்லாதீர்கள்; முடிந்ததைத் தரட்டும்.

அவர்கள் நடனம் மேடைக்கானது அல்ல. பெண்கள் கைகோத்து ஒரே வரிசையாக அடி வைத்து நகர்வார்கள். "மாந்தர்" என்ற அவர்களுடைய மேளம் முன்னே போகும். நடுப்பாதை அதற்குக் குறுகல். கோயில் முற்றத்தில் தொடங்கி, குருவை வாசல்வரை அழைத்துவரும் வருகைப் பவனியாக வைத்தால் இயல்பாக இருக்கும். மேளம் இங்கே கிடைக்காது. ஊருக்குப் போய்வருபவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டு ஆடச் சொல்வது அவர்களுக்கே சிரிப்பாக இருக்கும்.

புது நெல்லுக்கு நன்றி சொல்லும் நவாக்கானி நம் பொங்கலுக்கு மிக நெருக்கமானது. பொங்கல் திருப்பலியில் அவர்களும் அரிசியும் அவலும் காணிக்கையாகக் கொண்டுவரலாம். மறையுரைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் கான்ஸ்டன்ட் லீவன்ஸ்: 1885இல் சோட்டா நாக்பூருக்கு வந்து, பழங்குடிகளின் நில வழக்குகளில் துணைநின்ற பெல்ஜிய இயேசு சபைக் குரு. அந்தப் பெயர் கேட்டால் பின்வரிசை நிமிரும்.

விருந்தில் "வடக்கத்தியர்" என்று சப்பாத்தி சுட்டுக் களைத்துப்போகாதீர்கள். அவர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள். கஞ்சித்தண்ணியோடு சோறு என்றால் வீட்டு நினைவு வந்துவிடும்.

அடுத்த பேரவைத் தேர்தலில் ஒரு இடம் அவர்களுக்கு. நடனத்தைவிட இது பெரிது.

கேள்வி: கட்டட வேலையில் ஒரு கத்தோலிக்கத் தொழிலாளி இறந்துபோனால் பங்கு என்ன செய்ய வேண்டும்?
— வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர், சென்னை

பதில்: முதலில் ஊரில் உள்ளவரிடம் பேசுங்கள், நோட்டின் கடைசிக் கட்டம் இதற்குத்தான். அடக்கம் எங்கே என்பது குடும்பத்தின் முடிவு. செலவைக் காரணம் காட்டி ஒப்பந்தக்காரர் அவசரமாக இங்கேயே முடிக்கச் சொல்வார்; குடும்பத்தின் வாயால் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விபத்து என்றால் காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு. உடலை ஊருக்கு அனுப்ப பதப்படுத்தல் சான்று, காவல்துறைத் தடையின்மைக் கடிதம், இறப்பு குறித்த மருத்துவமனைச் சான்று, உடன் போகிறவரின் அடையாள அட்டை வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு தொகுப்பை உடன் போகிறவரிடமும் ஒன்றைப் பங்கிலும் வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள்கள்தான் பேசும். அவருடைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) எண்ணை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் உறவினர் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இங்கேயே அடக்கம் என்றால், இறந்த இடத்துப் பங்கிலேயே அடக்கச் சடங்கு நடத்தலாம் (எண் 1177). "பங்கு மக்களுக்கு மட்டும்" என்று கல்லறைக் குழு தயங்கினால் முதல் கேள்விக்கான பதிலைக் காட்டுங்கள். கல்லறை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, சிலுவையில் பெயரும் சொந்தக் கிராமமும் பொறித்து, படமெடுத்துக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். பணம் கட்டிப் புதுப்பிக்காத குழியை ஒரு ஆண்டில் மறுபடி தோண்டும் வழக்கம் உங்கள் கல்லறையில் இருந்தால், குடும்பத்தைக் கேட்காமல் இதைத் தொடுவதில்லை என்று குழுவின் தீர்மான நோட்டில் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.